பெட்டி விழித்தெழும் அந்த ஒரு நிமிடம்

என் கூடப்பிறந்த சவரிமுத்துவுக்கு,

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை நீ மட்டும் படிக்கப்போவதில்லை. கோவில் பங்குக் கமிட்டிக்கு எல்லாம் எழுத்தில் வேண்டுமாம். "வாயால சொன்னா போதாதும்மா, எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்று செயலாளர் சொல்லிவிட்டார். மூன்று நாள் வெள்ளைத்தாளை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர்களுக்கு எழுதக் கை வரவில்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன். அவர்கள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளட்டும்.

கேட்கிறவர்களுக்காக இதையும் சொல்கிறேன். நான் பாக்கியமேரி. உடும்பஞ்சோலை போகிற ரோட்டில் மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கடை என்னுடையது. சவரிமுத்து என் தம்பி. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்புப் பார்த்தவன். போனதற்கு முந்தின வருட மழையில் அங்கே ஒரு ஸ்டோர் நிறையக் காய் பச்சை நிறம் போய், வெடித்து, வீணாகிப்போனது. அடுப்புக்காரன் குடித்துவிட்டுக் கிடந்தான் என்று பேச்சு எழுந்தது. வேலை போனது. செபஸ்தியார் சப்பரம் தூக்குகிறவர்கள் பட்டியலிலிருந்து பெயரை எடுத்தார்கள். தோளில் போடும் சிவப்புத் துண்டைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

அந்தத் துண்டு உன் வீட்டுக்குத் திரும்பி வரவேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

குடித்தான் என்று முதலில் சொன்னது யார்? உனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. இந்தக் கடிதம் முடிவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பெட்டி எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அடுப்புக்குக் காற்று ஊதும் புளோயரை நீ கையால் கூட்டுவாய், குறைப்பாய். வெப்பமானியைப் பார்க்க ஓடுவாய், திரும்பி வந்து விறகைத் தள்ளுவாய். காய் காய்ந்து முடியும்வரை உனக்கு உட்கார நேரமில்லை. "உன்னை உட்கார வைக்கிறேன் பாரு" என்று சொன்னது நான்தான்.

உள்ளங்கை அளவு போர்டு ஒன்றை வாங்கினேன். லினக்ஸ் ஓடுகிற குட்டிக் கம்ப்யூட்டர் அது. எட்டாவது படித்த கிழவிக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டவர்கள் இன்றும் இந்தப் பங்கில் இருக்கிறார்கள். மோட்டார் தகட்டில் எழுதியிருப்பதைப் படித்து இங்கிலீஷ் கற்றவள் நான். பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு அந்தப் போர்டின் புத்தகத்தையும் படித்தேன். வெப்பத்தை அளந்து, புளோயரின் வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் நிரலை நானே எழுதினேன். ஓடியது. நன்றாகவே ஓடியது.

ஆனால் நீ சும்மா இருக்கிற ஆளா? பெட்டியைத் திறந்து சுவிட்சைத் தட்டுவாய்.

"என்னைவிட இதுக்கு அடுப்பு தெரியுமாக்கா?"

"ஒன்னைவிட எதுக்குத்தாம்ல தெரியாது? கைய வச்சிக்கிட்டுச் சும்மா இரு" என்றேன்.

நீ கேட்கவில்லை. அதனால் புளோயரின் மெயின் சுவிட்சையும் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டினேன். சாவி என் இடுப்பில்.

பிறகு ஒருநாள் கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தாயே, நினைவிருக்கிறதா? "யக்கா, ஒன் பெட்டி தூங்கி எந்திரிக்க என்னையவிட நேரம் எடுக்கு. கரண்டு போயி வந்தா ஒரு நிமிசம் பேய் புடிச்ச மாதிரி ஊதிட்டுத்தான் அடங்குது. ஸ்டெல்லா என்னைய எழுப்பும்போது நான் கத்துறத எங்கயோ கேட்டு வச்சிருக்கு." உன் பெண்டாட்டியைச் சேர்த்துச் சொன்னதால் அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டேன். நானும் சிரித்தேன். நீ ஒரு பழுதைச் சரியாகக் கண்டுபிடித்து, அதை அளந்தும் சொல்லியிருக்கிறாய் என்று எனக்கு உறைக்கவில்லை.

அந்த நாளுக்கு வருகிறேன். பகல் பதினொரு மணி இருக்கும். காற்றோடு மழை. மரம் கம்பியில் உரசி மின்சாரம் வரும், போகும், வரும். ஸ்டோரில் நீ மட்டும். போன் டவரும் போய்விட்டது. நான் வந்தபோது முதலாளி எனக்கு முன்பே வந்து வாசலில் நின்றார். உள்ளே புகை. எரிகிற கொள்ளிகள் தரை முழுக்கச் சிதறிக் கிடந்தன. நீ அடுப்பு முன்னால் தடுமாறி நின்றாய், கண் சிவந்திருந்தது. தட்டுகளில் காய் வெளுத்து வாயைப் பிளந்திருந்தது.

"பெட்டி நிக்காம கத்துச்சுக்கா" என்றாய்.

நான் பெட்டியைப் பார்த்தேன். மின்சாரம் நிலைத்து வந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. புளோயர் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. திரையில் எல்லாம் சரியாக இருந்தது. பூட்டு பூட்டியபடி இருந்தது.

அதன் பிறகு நான் கேட்ட கேள்வியைக் கடைசியில் எழுதுகிறேன்.

முதலாளி அன்றே உன்னை அனுப்பினார். என் இடுப்புச் சாவியையும் கேட்டு வாங்கி, பெட்டியை அணைத்துப் பூட்டி, "இனி சுவிட்ச் போட்டு ஓட்டிக்கொள்கிறோம்" என்றார். நீ மிளகு பறிக்கும் கூலிக்குப் போனாய். போன தை மாதத் திருவிழாவில் சப்பரம் போனபோது மாதா கெபிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாய். தவக்காலத்தில் பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழவில்லை.

சவப்பெட்டிக்குள் உன்னைக் கிடத்தியபின், கையில் ஜெபமாலை சுற்றச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். மூத்தவள் என்று. விரலை விரித்தேன். இரண்டு உள்ளங்கையிலும் குறுக்காகத் தழும்பு. தீய்ந்து ஆறிய தோல். அடுப்பு இரும்புக் கதவின் கைப்பிடி எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலம். ஸ்டெல்லாவைப் பார்த்தேன்.

"அன்னிக்குச் சுட்டதுதான் மதினி. யாருட்டயும் சொல்லாதன்னாக. ஒரு மாசம் நாந்தான் சோறு ஊட்டுனேன்" என்றாள்.

குடித்துவிட்டுக் கிடந்தவன் கொதிக்கிற கதவை இரண்டு கையாலும் பிடித்து இழுப்பானா? கொள்ளிகள் சிதறிக் கிடக்கவில்லை. நீ அவற்றை வெளியே இழுத்துப் போட்டிருக்கிறாய். காற்றை நிறுத்த முடியாதவன் தீயை நிறுத்தப் பார்த்திருக்கிறாய். காற்றை ஏன் நிறுத்த முடியவில்லை? பூட்டு போட்டவள் நான்.

அடக்கம் முடிந்த மறுநாளே நிரலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வரிக்கு வரி படித்தேன். இரண்டு மாதம். ஒரு தப்பும் இல்லை சவரி. அதுதான் கொடுமை. போனில் இந்த மாதிரி போர்டு வைத்திருக்கிறவர்கள் பேசிக்கொள்ளும் ஒரு இடம் உண்டு. அங்கே எழுதிக் கேட்டேன். முகம் தெரியாத ஒருவர் ஒரே வரியில் திருப்பிக் கேட்டார்: உங்கள் நிரல் தொடங்குவதற்கு முன்னால், போர்டிலிருந்து புளோயருக்குப் போகும் அந்த உலோகக் கால் என்ன நிலையில் இருக்கிறது? எனக்குக் கோபம் வந்தது. என் நிரலைப் பற்றிக் கேட்டால் நிரல் தொடங்காத நேரத்தைப் பற்றிப் பேசுகிறானே என்று பதிலே போடவில்லை.

என் பழக்கம் உனக்குத் தெரியும். கடையில் சோதனைக்கு வைத்திருக்கும் அதே மாதிரி போர்டுக்குக் கரண்டைக் கொடுத்துவிட்டு, அது எழுந்திருக்கும் நேரத்தில் பின்னால் போய்ப் பால் இல்லாத கட்டன் காப்பி போட்டு எடுத்துவருவேன். டம்ளரோடு வந்து உட்காரும்போது எல்லாம் தயாராக இருக்கும். புளோயருக்குப் பதில் ஒரு பல்பைத்தான் மாட்டிப் பார்ப்பேன். இத்தனை வருடத்தில் எத்தனை தடவை அந்தப் போர்டை எழுப்பியிருப்பேன்! ஒரு தடவைகூட அது எழுவதை நான் பார்த்ததில்லை.

அன்று காஸ் தீர்ந்துவிட்டது. காப்பி இல்லை. கரண்டைக் கொடுத்துவிட்டு எரிச்சலோடு அங்கேயே உட்கார்ந்தேன். பல்பு பளீரென்று எரிந்தது. முழு வெளிச்சம். ஒரு நிமிடம் அப்படியே எரிந்தது. பிறகு சட்டென்று மங்கி, நான் சொல்லிவைத்த அளவுக்கு வந்தது.

உன் சிரிப்பு காதில் கேட்டது. பேய் பிடித்த மாதிரி ஒரு நிமிடம்.

கமிட்டிக்காரர்களுக்கு விளங்கும்படி எழுதுகிறேன். அந்தப் போர்டின் ஓரத்தில் உலோகக் கால்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு காலும் பல வேலை செய்யக்கூடியது. புளோயருக்குப் போகும் காலில், டைமர் ஒரு துடிப்பை அனுப்ப வேண்டும். துடிப்பு அகலமானால் புளோயர் வேகமாகச் சுற்றும். ஒடுங்கினால் மெல்லச் சுற்றும். துடிக்காமல் ஒரேயடியாக ஏறி நின்றால் முழு வேகம்.

கரண்டு வந்ததும் என் நிரல் எழுந்துவிடாது. முதலில் பூட்லோடர் என்ற குட்டி நிரல் எழும். அது லினக்ஸை எழுப்பும். எந்தக் காலுக்கு என்ன வேலை என்று எழுதிய பட்டியல் ஒன்றை லினக்ஸ் படிக்கும். டிவைஸ் ட்ரீ என்று அதற்குப் பெயர். எல்லாம் முடிந்த பிறகே என் நிரலுக்கு முறை வரும், அது டைமரைத் தொடும். அதுவரை அந்தக் காலுக்குச் சொந்தக்காரன் இல்லை. சொந்தக்காரன் இல்லாத கால் அந்தப் போர்டில் மேலே ஏறி நிற்கும். புளோயர் அதைப் பார்த்து, முழு வேகம் கேட்கிறார்கள் என்று நினைத்து ஊதும்.

ஒரு தடவை என்றால் ஒரு நிமிடம். அன்றைய மழையில் அது எழுந்து முடிப்பதற்குள் கரண்டு போனது. மறுபடி வந்தது, மறுபடி முதலிலிருந்து எழுந்தது. என் நிரல் வரைக்கும் வரவே இல்லை. அடுப்பு கொல்லன் உலை மாதிரி எரிந்திருக்கும். நீ பூட்டைப் பிடித்து இழுத்திருப்பாய், இல்லையா? அதன் வளையம் கொஞ்சம் வளைந்திருக்கிறது. பிறகுதான் பார்த்தேன்.

மலையாளியான முதலாளியிடம் போனேன். "செத்தவனைப் பத்தி இனி எந்துக்கு சேச்சி? போனது போயி" என்றார். பெட்டியை ஒரு தடவை திறந்து ஓட்டிக் காட்டுங்கள், நான் தொடமாட்டேன், சாவி உங்களிடம்தானே இருக்கிறது என்றேன். முடியாது என்றார். மறுநாள் காலை குடையை எடுத்துக்கொண்டு போய் ஸ்டோர் கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்தேன். அதற்கடுத்த நாளும். காய் சுமந்து வருகிற பெண்கள் எல்லாம் நின்று என்னிடம் ஊர்க்கதை கேட்டுவிட்டுத்தான் உள்ளே போனார்கள். மூன்றாம் நாள் முதலாளி ஜீப்பை நிறுத்தி இறங்கினார்.

"சேச்சி இப்படி உட்கார்ந்தா எனக்கு நாணக்கேடு. ஊரெல்லாம் கேக்குது."

"கேக்கட்டும் முதலாளி. அதுக்குத்தான் உக்காந்திருக்கேன்."

"சரி. ஒரே ஒரு தடவை. ஒண்ணும் நடக்கலேன்னா பின்னே இந்தப் பக்கம் வரக்கூடாது, கேட்டோ?"

ஸ்டெல்லா வந்தாள். காய் தரம் பிரிக்கிற பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். அடுப்பில் கனல் மட்டும் இருந்தது. நான் ஒதுங்கிச் சுவரோரம் நின்றேன். என் கை தெரியட்டும் என்று இரண்டு கையிலும் குடையைப் பிடித்துக்கொண்டேன். முதலாளியே பூட்டைத் திறந்தார். அவரே சுவிட்சைப் போட்டார்.

ஒன்றும் நடக்கவில்லை.

புளோயர் அசையவில்லை. போர்டில் விளக்கு மட்டும் மினுங்கியது. அரை நிமிடம். ஒரு நிமிடம். எவளோ ஒருத்தி "பாவம்" என்றாள். முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கழிஞ்சு, எல்லாம் முடிஞ்சு, இல்லையா சேச்சி?"

அப்போதுதான் கண்ணில் பட்டது. புளோயரின் வயர் பெட்டிக்குப் போகவில்லை. புதிதாக வந்த மெக்கானிக் அதைப் பிரித்துச் சுவர் சுவிட்சில் கொடுத்திருந்தான். "முதலாளி, வயரே இல்லாம எப்படி ஓடும்? பழையபடி மாட்டச் சொல்லுங்க. நான் தொடமாட்டேன்" என்றேன். முனகிக்கொண்டே அவனை மாட்டச் சொன்னார். மறுபடி அவர் கையாலேயே சுவிட்ச்.

ஊதியது. அடுப்பு வாயிலிருந்து சாம்பல் எழுந்து எல்லோர் தலையிலும் விழுந்தது. கனல் வெள்ளையாக மாறியது. அது அடங்குவதற்குள் "அணைச்சிட்டுத் திரும்பப் போடுங்க" என்று கத்தினேன். அணைத்துப் போட்டார். மறுபடி முதலிலிருந்து அதே ஊதல். இன்னொரு தடவை. இன்னொரு தடவை. கதவு இரும்பு சூடேறி வாசம் வந்தது.

தரம் பிரிக்கிற செல்லக்கிளி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள்: "அன்னிக்கும் இதே சத்தந்தான். களத்துக் கொட்டகையில இருந்து கேட்டோம். மழைக்காத்துன்னு நெனச்சோம்." ஸ்டெல்லா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

முதலாளி சுவிட்சை அணைத்தார். பிறகு கேட்டார். சத்தம் போட்டுக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார்.

"அப்போ சேச்சி, இந்தப் பெட்டி ஆரு பண்ணினது?"

"நான்."

"பூட்டினது?"

"நான்தான்."

"குடிச்சான்னு நானாக் கண்டுபிடிச்சேனா? அன்னிக்கு இந்த வாசல்ல முதல்ல கேட்டது ஆரு?"

இதோ, கமிட்டிக்கு எழுத்தில் தருகிறேன். அன்று புகைக்குள் நின்ற என் தம்பி, பெட்டி நிற்காமல் கத்தியது என்று சொன்னபோது, "என் பெட்டியில தப்பு இருக்காதுல. நீ குடிச்சியா?" என்று கேட்டது நான். முதலாளி அதற்கு முன் அந்தச் சொல்லை எடுக்கவில்லை. கூடப்பிறந்தவளே கேட்கிறாளே என்று அவர் நம்பினார். அவர் சொன்னதைக் கமிட்டி நம்பியது. ஆறு வருடமாகக் குடியைத் தொடாதவன் மேல் அந்தப் பழியைப் போட்டது என் வாய். போர்டும் என்னுடையது, பூட்டும் என்னுடையது, பேச்சும் என்னுடையது.

நீ என்னைப் பார்த்தாய் அப்போது. சுட்ட கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாய். ஏன் சவரி? என்னைத் திட்டியிருக்கக்கூடாதா? கை ஆறிய பிறகு எத்தனை ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் சாப்பிட்டாய். ஒரு தடவையாவது கையை நீட்டிக் காட்டியிருக்கக்கூடாதா?

முதலாளி கமிட்டிக்கு வந்து, "மிஷின் தப்பு, ஆள் தப்பல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆள் தப்பு உண்டு. தப்பு செய்த ஆள் எழுதித் தருகிறாள். இனியும் கமிட்டி யோசிக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

உனக்குச் சொல்ல வேண்டிய சேதி இன்னும் இருக்கிறது. முதலாளி கழற்றிக் கொடுத்துவிட்ட பெட்டியைச் சரிசெய்துவிட்டேன். முதலில் பூட்லோடரிலேயே அந்தக் காலைக் கீழே பிடித்து வைக்கச் சொன்னேன். கரண்டு வந்ததும் அமைதி. நிம்மதியாக மூச்சு விடும்போது நடுவில் இரண்டு நொடி ஒரு கத்தல். லினக்ஸ் வந்து தன் பட்டியலைப் படித்து, அதில் இருந்த பழைய வரியின்படி காலை மறுபடி மேலே விட்டுவிட்டது. அந்த வரியை எழுதியதும் நான்தான். அதையும் மாற்றினேன். இப்போது முதலில் எழுகிறவனும் அடுத்து எழுகிறவனும் அந்தக் கால் டைமருடையது, துடிப்பு பூஜ்யம் என்று ஒரே பேச்சாகச் சொல்கிறார்கள். இரண்டு பேரும் எழாத நொடிக்காக, காலைக் கீழே இழுத்துப் பிடிக்க ஒரு ரெசிஸ்டரும் வைத்திருக்கிறேன். அரிசி மணி அளவு. அது ஒன்று இருந்திருந்தாலே அன்று அடுப்பு அமைதியாக இருந்திருக்கும்.

முதலாளி பெட்டியைத் திரும்ப வைக்க ஒத்துக்கொள்ளவில்லை. வைப்பார். குடை என்னிடம்தான் இருக்கிறது.

திருவிழாவுக்கு இன்னும் பத்து நாள். துண்டை ஸ்டெல்லா கையில் கொடுக்காமல் சப்பரம் கோவில் வாசலைத் தாண்டினால், நான் வாசலில் உட்கார்ந்திருப்பேன் என்பதையும் கமிட்டி இத்துடன் எழுத்தில் பெற்றுக்கொள்ளட்டும்.

உனக்கு என் வாக்கு இது. இனி நான் கட்டும் எந்தப் பெட்டிக்கும் பூட்டு கிடையாது. அடுப்புக்கு முன்னால் நிற்கிறவன் கைக்கு எட்டும் இடத்தில், வெளியே, ஒரு சுவிட்ச் இருக்கும். எதை எழுப்பினாலும் அது எழுந்து முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். காப்பி அதற்குப் பிறகுதான். அடுப்புக்காரன் சிரித்துக்கொண்டு ஒன்றைச் சொன்னாலும் அதை எழுதி வைத்துக்கொள்வேன்.

நீ குடிக்கவில்லை சவரி. நான் கேட்டிருக்கக்கூடாது.

உன் கையில் ஜெபமாலை சுற்றிய
உன் மூத்தவள்,
பாக்கியமேரி